கணினிக் கடையும் கள்ளச் சாவியும்

கூட்டுறவு விற்பனைக் கடையின் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், கதவு, பூட்டு, இரவுக் காவல், தீ விபத்து இன்ஷூரன்ஸ், சரக்கு இருப்புச் சோதனை ஆகியவற்றைச் சொல்லி முடித்துவிடுவது நம் சங்கங்களில் வழக்கமாக இருந்து வந்துள்ளது. இவை யாவும் இன்றும் வேண்டியவையே. ஆயினும், பில் போடுவது கணினியில், பணம் பெறுவது கைப்பேசியில், அங்கத்தினர் பதிவேடு இருப்பதோ எங்கோ ஓர் ஊரிலுள்ள சர்வரில் என்று ஆகிவிட்ட இக்காலத்தில், கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு வாசலும் கடைக்கு ஏற்பட்டுவிட்டது. அவ்வாசலைக் காப்பது எவ்வாறு என்பதே இம்மாதப் பாடமாகும்.

“இது கணினி படித்தவர்கள் பார்க்க வேண்டிய காரியம்; நமக்கு இதில் என்ன தெரியும்?” என்று நிர்வாகக் குழுவினர் ஒதுங்கிக் கொள்வதை, ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நாம் அடிக்கடி காண்கிறோம். அக்கருத்து சரியன்று. அண்மை ஆண்டுகளில் உலகறிந்த கடைத் தாக்குதல்களை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் பூட்டு உடைக்கப்படவில்லை. நம்பிக்கைக்குரிய ஒருவரிடமிருந்து சாவி பெறப்பட்டது, அவ்வளவே. யாரிடம் எந்தச் சாவி இருக்கலாம் என்று முடிவு செய்வது எஞ்சினீயரின் வேலையன்று. அது நிர்வாகக் குழுவின் வேலை.

கூட்டுறவு வரலாற்றைப் படித்தவர் எவரும் ராக்டேல் முன்னோடிகளை அறிவர். 1844 டிசம்பர் 21 ஆம் தேதி, இங்கிலாந்திலுள்ள ராக்டேல் நகரின் டோடு லேன் தெருவில், மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில சரக்குகளை மட்டும் வைத்துக் கடை திறந்தவர்கள் அவர்கள். அவர்களில் நெசவாளரும் இருந்தனர். அவர்கள் வழிவந்த ‘கோ-ஆப்’ என்னும் ஸ்தாபனம் இன்று பிரிட்டனில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உணவுக் கடைகளை நடத்தி வருகிறது. 2025 ஏப்ரல் மாதக் கடைசியில் இந்த ஸ்தாபனத்தின் கணினிகளுக்குள் திருடர் புகுந்தனர். புகுந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஓர் ஊழியரைப் போல் நடித்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியான பதில் சொல்லி, அவருடைய கணக்கின் கடவுச்சொல்லை மாற்றச் செய்தனர் என்று ஸ்தாபனத்தின் அதிகாரிகளே பாராளுமன்றக் குழுவின்முன் தெரிவித்தனர். சாவியைத் தொலைத்துவிட்டேன், வேறு சாவி கொடுங்கள் என்று ஒருவன் கேட்டான், கொடுத்துவிட்டார்கள். காரியம் இவ்வளவு எளிமையாக முடிந்தது.

அதன் பின்னர் நடந்தது நமக்குப் பாடமாகக் கூடியது. திருட்டு தெரிந்தவுடன் அந்த ஸ்தாபனத்தார் தாமே முன்வந்து பல கணினித் தொடர்புகளைத் துண்டித்தனர். இதனால் கிடங்கிலிருந்து கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஏற்பாடு குலைந்தது. வாரக்கணக்கில் பல கடைகளின் அலமாரிகள் வெறுமையாக நின்றன. வேறு பெரிய கடையில்லாத ஸ்காட்லாந்துத் தீவுகளில் மக்கள் பட்ட சிரமம் பெரிது. 20.6 கோடி பவுன் மதிப்புள்ள விற்பனை குறைந்துபோயிற்று. இருப்பினும், தொடர்பைத் தாமே அறுத்துக் கொண்டதனால், கணக்குகள் அனைத்தையும் பூட்டிவிட்டு மீட்புப் பணம் கேட்பதற்குத் திருடர்களுக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று. அதே சமயத்தில் தாக்கப்பட்ட மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் என்னும் வியாபாரக் கம்பெனியோ, ஏப்ரல் 25 முதல் ஜூன் 10 வரை இணையவழி ஆர்டர்களையே பெற இயலாமல் நின்றது. தனக்கு ஏறத்தாழ 30 கோடி பவுன் லாபம் குறையும் என்று அக்கம்பெனி மதிப்பிட்டது.

கோ-ஆப் இழந்தது விற்பனை மட்டுமன்று. 65 லட்சம் அங்கத்தினர்களின் பெயர், முகவரி, பிறந்த தேதி முதலிய விவரங்கள் அனைத்தையும் திருடர்கள் நகலெடுத்துச் சென்றனர். பாங்கிக் கணக்கு விவரமும் கார்டு எண்ணும் போகவில்லை என்று ஆறுதல் கூறப்பட்டது. கார்டு எண் போயிருந்தாலாவது வேறு கார்டு வாங்கிக் கொள்ளலாம். பிறந்த தேதியை யார் மாற்றித் தருவார்?

மேற்கண்ட நிகழ்ச்சியில் சாவி உள்ளேயிருந்து போயிற்று. வெளியாரிடம் கொடுத்த சாவி வழியாகவும் ஆபத்து வரும். அதற்கும் ஒரு கூட்டுறவு ஸ்தாபனமே உதாரணமாக அமைகிறது. சுவீடன் நாட்டில் அங்கத்தினர்களுக்குச் சொந்தமான ‘கூப்’ கடைகள் 800 வரை உள்ளன. 2021 ஜூலை 2 ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலையில், அக்கடைகளின் பணம் வாங்கும் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. மறுநாள் பெரும்பாலான கடைகளைத் திறக்க இயலவில்லை. வியப்பு என்னவெனில், திருடர்கள் கூப் கடைகளைக் குறிவைத்துத் தாக்கவேயில்லை! பல ஊர்க் கணினிகளை ஓரிடத்திலிருந்தே பராமரிப்பதற்கு அமெரிக்காவின் கசேயா என்னும் கம்பெனி ஒரு மென்பொருளைச் செய்து விற்றது. கூப் கடைகளின் பில் இயந்திரங்களைக் கவனித்து வந்த வெளிக் கம்பெனி அம்மென்பொருளைப் பயன்படுத்தியது. திருடர்கள் அம்மென்பொருளின் குறை ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் வழியாக, கணக்குகளைப் பூட்டும் தீநிரலை எல்லா இடங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டனர். இவ்வகைத் தீநிரலை ரான்சம்வேர் என்பர்; திறந்துவிடுவதற்குக் கூலி கேட்கும் நிரல் என்று பொருள் கொள்ளலாம். பாதிக்கப்பட்டோர் அனைவருக்குமாகச் சேர்த்து அவர்கள் கேட்ட தொகை 7 கோடி டாலர்.

கூப் கடைகளின் காய்கறியும் ரொட்டியும் கெட்டுப்போகவில்லை, வாங்குவோர் வாசலில் நின்றனர், விற்போரும் வந்திருந்தனர். பில் போட வழியில்லை என்ற ஒரு காரணத்தால் கதவடைத்தனர். வாடிக்கையாளர்கள் தங்கள் கைப்பேசியிலேயே பொருளைக் குறித்துப் பணம் செலுத்தும் வசதியிருந்த சில கடைகள் மட்டும் முதலில் மீண்டும் திறந்தன. ஒரே வழியை நம்பியிருந்த கடைகள் மூடின, இரண்டாம் வழியுடையவை திறந்தன என்ற இந்தச் செய்தியை நாம் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

இதற்கும் முன்னதாக, 2013 இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு எண்கள் களவுபோயின. அங்குத் திருடர் முதலில் பெற்றது, குளிர்சாதன வேலைகளைக் கவனித்து வந்த ஒரு சிறு கான்டிராக்டரின் கடவுச்சொல். குளிர்ப்பெட்டியைப் பழுது பார்ப்பவருக்குத் தந்த சாவி கல்லாப்பெட்டி வரையில் கொண்டுபோய் விட்டது.

இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் மற்றோர் ஒற்றுமை உண்டு. டார்கெட் திருட்டு தொடங்கியது நவம்பர் 27, அமெரிக்கர்களின் நன்றியறிதல் பண்டிகைக்கு முதல் நாள். கசேயா தாக்குதல் ஜூலை 4 சுதந்திர தின விடுமுறையை ஒட்டி வந்தது. பிரிட்டன் கடைகளில் குழப்பம் தெரியத் தொடங்கியது ஈஸ்டர் விடுமுறையின்போது. கடையில் கூட்டம் அதிகம், அலுவலகத்தில் ஆள் குறைவு, எல்லோருக்கும் அவசரம்: திருடனுக்கு உகந்த நேரம் அது. நம் கைத்தறிச் சங்கங்களுக்கு அந்நாட்கள் எவை என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளித் தள்ளுபடி விற்பனை நடக்கும் மாதத்தில் ஒரு வாரம் கடை நின்றால், நெசவாளர் கூலியும் நூல் வாங்கிய பாக்கியும் அடுத்த பொங்கல் வரையில் இழுத்துக்கொண்டு போகும்.

“அவையெல்லாம் மாபெரும் ஸ்தாபனங்கள், நம் ஊர்க் கடையை எவன் தேடி வரப் போகிறான்?” என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். இக்கேள்விக்குப் பதில் நம் நாட்டிலேயே உள்ளது. கூட்டுறவு பாங்கிகளுக்கும் கிராமிய பாங்கிகளுக்கும் கணினிச் சேவை வழங்கி வரும் சி-எட்ஜ் என்னும் கம்பெனி, 2024 ஜூலை இறுதியில் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஆபத்து பரவாமலிருக்க, தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அக்கம்பெனியின் தொடர்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. அதனால் ஏறத்தாழ 300 சிறு பாங்கிகளின் வாடிக்கையாளர்கள் யூபிஐ முதலிய வழிகளில் பணம் அனுப்ப இயலாமல் தவித்தனர். ஆகஸ்டு முதல் தேதியன்று தொடர்பு மீண்டது. அந்த 300 பாங்கிகளில் எதையும் தேடி எவனும் வரவில்லை. ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தமையால் எல்லாம் சேர்ந்து விழுந்தன.

இனி நம் கடைக்கு வருவோம்.

முதலாவதாக வேண்டியது சாவிப் பதிவேடு. இரும்புப் பெட்டியின் இரு சாவிகளும் யார் யாரிடம் உள்ளன என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்கும் நாம், பில் கணினி, பாங்கிக் கணக்கு, யூபிஐ பதிந்த கைப்பேசி எண், சங்கத்தின் மின்னஞ்சல், அங்கத்தினர் பதிவேடு ஆகியவற்றின் கடவுச்சொற்கள் யாரிடம் உள்ளன என்று எழுதி வைப்பதில்லை. நாம் பார்த்த ஒரு விற்பனை நிலையத்தில், வேலையை விட்டு ஈராண்டுகளுக்கு முன் சென்றுவிட்ட விற்பனையாளரின் பெயராலேயே அன்றும் பில் போடப்பட்டு வந்தது. அவர் நல்லவர். எனினும், அவருடைய கடவுச்சொல்லை அறிந்தோர் கடையில் நால்வர் இருந்தனர். பில் ஒன்று ரத்தானால் அதைச் செய்தவர் யார் என்று எந்தத் தணிக்கையாளராலும் கூற இயலாது. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். வேலையை விட்டவரின் பெயரை அன்றைக்கே நீக்குதல். மென்பொருள் கம்பெனிக்காரர் வந்து வேலை முடித்துச் சென்றதும் அவருக்குத் தந்த அனுமதியை மூடுதல். பதிவேட்டில் எழுத வேண்டியது ஆளின் பெயரும் தேதியும்தான், கடவுச்சொல்லையே எழுதிவிடலாகாது. திரையின் ஓரத்தில் சீட்டு ஒட்டி அதில் கடவுச்சொல்லை எழுதி வைக்கும் வழக்கம், பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

அடுத்து, தொலைபேசியில் வருகிற உதவி. “பாங்கியிலிருந்து பேசுகிறோம்”, “பில் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், இந்தச் செயலியை இறக்கிக் கொள்ளுங்கள்” என்று எவரேனும் சொன்னால், சொல்பவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், இணைப்பைத் துண்டித்துவிட்டு, நம்மிடம் முன்பே எழுதி வைத்துள்ள எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும். அவர் தரும் எண்ணுக்கு அழைப்பதில் பயனில்லை. தூரத்திலிருந்து நம் கணினியை இயக்க இடந்தரும் செயலியை ஒரு முறை ஏற்றிவிட்டால், கல்லாவில் அந்நியன் உட்கார்ந்தாற்போல்தான். நூல் அல்லது சாயம் விற்கும் வியாபாரியிடமிருந்து, “எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் வந்தாலும் இதே விதிதான். பழைய எண்ணில் பேசி, குரலைக் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்பலாகாது. விளைபொருள் விற்பனைச் சங்கங்கள் இதனை மேலும் கவனிக்க வேண்டும். ஒரு தவணையில் அவர்கள் அனுப்பும் தொகை பெரிது.

யூபிஐ விஷயத்தில் மக்கள் பலருக்கு இன்னமும் ஒரு மயக்கம் உள்ளது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் வேண்டியதில்லை. அனுப்புவதற்கு மட்டுமே வேண்டும். “உங்களுக்குப் பணம் வந்துள்ளது, ரகசிய எண்ணைப் போட்டு வாங்கிக் கொள்ளுங்கள்” என்று எவன் சொன்னாலும் அவன் திருடனே என்று விற்பனையாளருக்குச் சொல்லி வைக்க வேண்டும். வாடிக்கையாளர் தமது கைப்பேசியைத் திருப்பிக் காட்டும் ‘பணம் சென்றது’ என்ற படமும் சான்றாகாது. அதுபோன்ற படத்தைப் பொய்யாகக் காட்டும் செயலிகள் உலவுகின்றன. நம் ஒலிப்பெட்டி சொல்ல வேண்டும், அல்லது நம் கணக்கில் தெரிய வேண்டும்.

கட்டண அட்டையிலுள்ள க்யூஆர் கட்டத்தை ஒவ்வொரு நாளும் கடை திறக்கும்போது சோதித்துப் பார்ப்பது நலம். 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்திலுள்ள கஜுராஹோவில், இரவோடிரவாகச் சில கடைகளின் க்யூஆர் கட்டங்களின்மேல் தம்முடைய கட்டங்களை ஒட்டிவிட்டுத் திருடர்கள் போயினர். மறுநாள் வியாபாரம் நடந்தது. பணம் வேறெங்கோ போயிற்று. காலையில் நம் கைப்பேசியாலேயே ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் சங்கத்தின் பெயர் வருகிறதா என்று பார்த்துவிடலாம். அட்டையைத் தெருவோரமாக வைக்காமல் கல்லாவின் உட்புறமாக வைப்பது அதைவிட நன்று.

இவையனைத்திலும் நாம் முக்கியமாகக் கருதுவது மாலைச் சரிபார்ப்பு. கணினி வந்த பின்னர் இந்த நல்ல வழக்கம் பல கடைகளில் தளர்ந்துவிட்டது. உதாரணமாக, ஒரு நாளின் பில் தொகை 42,300 ரூபாய் என்று கணினி காட்டுகிறது. கல்லாவில் ரொக்கம் 18,100 ரூபாய். ஆகவே யூபிஐ வழியாக வந்திருக்க வேண்டியது 24,200 ரூபாய். இந்த எண்ணைக் கணினியிலிருந்தே மீண்டும் எடுத்து நாள்வழிப் புத்தகத்தில் எழுதிவிட்டால் கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கும், அதனால் பிரயோஜனமில்லை. பாங்கிக் கணக்கைத் தனியே பார்க்க வேண்டும். அங்கு 22,400 ரூபாய் மட்டுமே வரவாகியிருந்தால், 1,800 ரூபாய் வித்தியாசம் அன்று மாலையே தெரிந்துவிடும். பொய்ப் படமோ, ஒட்டிய கட்டமோ, ரத்துசெய்த பில்லோ, எதுவாயினும் ஒரு நாளைக்குமேல் மறைந்திருக்க இயலாது. மாத முடிவில் பார்ப்பவர் முப்பது நாள் நஷ்டத்தைப் பார்ப்பார். இவ்வேலைக்குக் கணினிப் படிப்பு வேண்டியதில்லை. பேனாவும் கால் மணி நேரமும் போதும். பில் போட்டவரே சரிபார்க்கலாகாது என்பது மட்டும் விதி.

கணினி நின்றுபோனால் என்ன செய்வது? கணக்குகளின் நகலை வாரத்தில் இரு முறையேனும் தனி வட்டில் எடுத்து, எடுத்தவுடன் அவ்வட்டைக் கணினியிலிருந்து பிரித்து இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். கணினியோடு எப்போதும் இணைந்தே இருக்கும் நகலையும் ரான்சம்வேர் சேர்த்துப் பூட்டிவிடும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. மூன்று மாதத்திற்கொரு முறை அந்நகலை வேறு கணினியில் திறந்து பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அத்துடன், வரிசை எண்ணிட்ட காகிதப் பில் புத்தகம் இரண்டும், அச்சிட்ட விலைப்பட்டியல் ஒன்றும், சில்லறை நாணயமும் நோட்டும் கொஞ்சமும் கடையில் எப்போதும் இருக்க வேண்டும். கையால் பில் எழுதத் தெரிந்தவர் கடையில் ஒருவராவது இருக்கட்டும். சுவீடன் கடைகள் இழந்த இரண்டாம் வழி நமக்கு மலிவாகவே கிடைக்கும்.

அங்கத்தினர் விவரங்களைப் பற்றி ஒரு சொல். ஆதார் நகல், பாங்கிப் புத்தக நகல், வாரிசு விவரம் என்று நம் சங்கங்கள் சேர்த்து வைப்பவை ஏராளம். 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விவரங்களைப் பெற்று வைத்திருப்போர் அவற்றைக் காக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்கிறது. தேவையற்றதை வாங்காதிருப்பதே மலிவான காவல். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அங்கத்தினர்களின் கணக்கு எண்களைப் பட்டியலிட்டு வெளியிடும் பழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். இதில் வாதத்துக்கு இடமில்லை.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒரு நாள் தவறு நேரலாம். பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். தேசியச் சைபர் குற்றப் புகார் இணையத்தளத்திலும் பதியலாம். பாங்கிக்கும் அப்போதே தெரிவிக்க வேண்டும். திருடனின் கணக்கிலிருந்து பணம் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போவதற்குள் நிறுத்தினால்தான் மீட்க வழியுண்டு. ஆகையால் குழுக் கூட்டம் கூடித் தீர்மானம் போடும் வரையில் காத்திருக்கலாகாது. கணினியில் தீநிரல் புகுந்ததென்று தோன்றினால் இணையத் தொடர்பை முதலில் பிடுங்கிவிட்டுப் பிறகு காரியதரிசியை அழைக்கலாம் என்ற அதிகாரத்தை விற்பனையாளருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கணினித் தாக்குதல்களை, தெரிந்த 6 மணி நேரத்திற்குள் செர்ட்-இன் என்னும் மத்திய அரசு அமைப்புக்கு நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டுமென்று 2022 இல் உத்தரவாயிற்று.

கடைசியாக, நஷ்டம் யாருடையது என்ற கேள்வி. பொய்ப் படத்தை நம்பிச் சேலையைக் கொடுத்துவிட்ட விற்பனைப் பெண்ணின் சம்பளத்தில் அத்தொகையைப் பிடித்துக் கொள்வது பல இடங்களில் நடக்கிறது. விதி எழுதி, கற்றுக் கொடுத்து, அதன் பின்னரும் அவர் மீறியிருந்தால் கேட்பது முறை. ஒலிப்பெட்டியும் வாங்கித் தராமல், விதியையும் எழுதாமல், கூட்டம் நெருக்கும் நாளில் ஒற்றை ஆளாய் அவரை நிறுத்தி வைத்த குழு, பழியை அவர்மேல் போடுவது நியாயமாகாது என்பது நம் கருத்து. இதில் வேறு கருத்துடைய காரியதரிசிகள் சிலரை நாம் அறிவோம். அப்பெண் பயந்து ஒரு நாள் மறைத்தால், அந்த ஒரு நாளில் போகும் பணம் அவருடைய சம்பளத்தைவிடப் பெரிது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் சாவிப் பதிவேட்டைச் சேர்த்துக் கொள்ளுமாறு கேட்டுக் கொள்கிறோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அதன் முதற்பக்கத்தில் 1930 என்ற எண்ணையும், பாங்கிக் கிளை, மென்பொருள் கம்பெனி ஆகியவற்றின் எண்களையும் எழுதி வைக்கலாம். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்னர் நாம் ஆய்வுக்கு வரும்போது, அந்த நோட்டையும் காகிதப் பில் புத்தகத்தையும் முதலில் கேட்போம்.